ஊரில் இல்லாதவரின் ஓட்டு

2024 ஜூன் 4 அன்று காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க வாக்கு எண்ணிக்கை தொடங்கியபோது துபாயில் மணி ஆறரை. குவைத்தில் ஐந்தரை, சிங்கப்பூரில் பத்தரை. நியூயார்க்கில் இன்னும் முந்தைய நாள் இரவே முடியவில்லை. திருத்தணி வட்டாரத்து நெசவூரான பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த ஒருவர் அன்றைக்கு இந்த ஊர்களில் எதில் இருந்திருந்தாலும் சரி, அரக்கோணம் மக்களவைத் தொகுதியில் எந்தச் சுற்றில் யார் எவ்வளவு முன்னிலை என்பதை, ஊரில் தறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அறிந்த அதே நிமிடத்தில் அறிந்திருக்க முடியும். தேர்தல் ஆணையத்தின் முடிவுகள் பக்கம் இருவருக்கும் ஒன்றுதான், யூடியூப் நேரலையும் ஒன்றுதான். சொல்லப்போனால் தூரத்தில் இருப்பவருக்கு ஒரு படி கூடுதல் வசதி. ஊரில் கரன்ட் போனால் டிவி நின்றுவிடும், அங்கே நிற்காது. ஆனால் அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பு, ஏப்ரல் 19 அன்று, இதே ஊரின் வாக்குச்சாவடிகளில் வரிசையாக விரலில் மை வைத்துக்கொண்டிருந்தபோது அவரால் செய்ய முடிந்தது ஒன்றுமே இல்லை. பட்டியலில் பெயர் இருக்கிறது, கையில் வாக்காளர் அட்டை இருக்கிறது, ஆள் மட்டும் ஊரில் இல்லை. நம் சட்டத்துக்கு அந்த ஒரு குறை போதும்.

செய்தி எல்லைகளைத் தாண்டிப் போய் வெகுநாளாகிவிட்டது, ஓட்டு மட்டும் இன்னும் பள்ளிக்கூட வகுப்பறையில் போட்ட அந்த மேசையை விட்டு நகரவில்லை. இது வெறும் வசதிக் குறைவு என்று தள்ளிவிட முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். ஓட்டுப் போடப்போகிறவர் ஒரு தேர்தலைப் பின்தொடர்வதற்கும், ஓட்டே இல்லாதவர் பின்தொடர்வதற்கும் வேறுபாடு உண்டு. முன்னவருக்குக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தும் பொறுப்பு இருக்கிறது. அதற்காகவாவது வேட்பாளர் யார், போன முறை வந்தவர் என்ன செய்தார் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பார். பின்னவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது. அவர் கிரிக்கெட் பார்ப்பதுபோல் தேர்தல் பார்க்கிறார்: ஆரவாரம் முழுக்க இருக்கும், ஆட்டத்தில் பங்கிருக்காது. வெளிநாட்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப் குழுக்களில் கொதிக்கிறவர்களைப் பார்த்து ஊரில் இருப்பவர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். அந்தக் கொதிப்பைக் கணக்குப் பார்க்கும் பொறுப்பாக மாற்றும் வழியை அவர்களுக்கு நாம் கொடுக்கவில்லை என்பதும் நியாயம்தான்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறிவிட்ட மென்பொருள் பொறியாளர். அவர் தரப்பைச் சொல்லச் சங்கங்கள் உண்டு, நீதிமன்றத்தில் வழக்குகள் உண்டு. எனக்கு முதலில் கண்ணில் படுகிறவர்கள் வேறு. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாத விசாவில் போன அம்மா. இரண்டு வருட ஒப்பந்தத்தில் சவுதிக்குப் போன எலக்ட்ரீஷியன். முதுகலை படிக்கப் போன மாணவி. கம்பெனி மூன்று மாதத்துக்கு அனுப்பிவைத்த ஊழியர். இவர்கள் குடிபெயரவில்லை, போய்விட்டு வரப்போகிறவர்கள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை விட்டு ஒருவர் தற்காலிகமாக வெளியே போவதாலேயே அவர் அங்கே குடியிருப்பவர் அல்லாதவராகிவிட மாட்டார் என்று தெளிவாக வைத்திருக்கிறது. ஆக, பிரசவம் பார்க்கப் போன அந்த அம்மா சட்டத்தின் கண்ணில் இன்னும் பொதட்டூர்பேட்டையில்தான் இருக்கிறார். இருக்கிறார் என்று பட்டியலில் எழுதி வைத்திருக்கும் அதே அரசு, ஓட்டுப்பெட்டியின் முன் மட்டும் அவரைக் காணோம் என்கிறது.

பட்டியலில் பெயர் இல்லாமல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 2010இல் ஒரு திருத்தம் வந்தது. 20ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு 2011 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல், வேலைக்கோ படிப்புக்கோ வெளியே இருக்கும் இந்தியர், படிவம் 6ஏ கொடுத்துத் தன் பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரியின் தொகுதியில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை நல்ல செய்தி. அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது: வாக்குப்பதிவு நாளன்று அசல் பாஸ்போர்ட்டுடன் அதே வாக்குச்சாவடிக்கு நேரில் வர வேண்டும். இதன் பலன் எண்ணிக்கையில் தெரிகிறது. இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வெளிநாடுகளில் வாழ்பவர்கள் ஒன்றரைக் கோடிக்கு மேல். 2024 தேர்தலுக்குப் பதிவு செய்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958 பேர். பதிவு செய்தவர்களில் 89,839 பேர் கேரளத்தவர். ஓட்டுப் போட்டவர்களில் 2,670 பேர் அவர்கள். வளைகுடாவிலிருந்து ‘ஓட்டு விமானம்’ ஏறிக் கட்சிக்காரர்களும் ஆதரவாளர்களும் கோழிக்கோட்டிலும் மலப்புரத்திலும் வந்திறங்கும் பழக்கம் அங்கே உண்டு. அவர்களைக் கழித்துவிட்டால் இந்தியாவின் மற்ற எல்லா மாநிலங்களும் சேர்ந்து வந்தது 288 பேர். தமிழ்நாடும் அந்த 288க்குள்தான் அடக்கம்.

இந்த எண்ணைக் காட்டி, பாருங்கள், அவர்களுக்கே அக்கறை இல்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒரு ஓட்டுக்காக விமானக் கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்து வந்து போவதை அக்கறையின் அளவுகோலாக வைத்தால், ஊரிலிருப்பவர்களிலும் எத்தனை பேர் தேறுவார்கள் என்று தெரியவில்லை. சரியான ஒப்பீடு நம்மிடமே இருக்கிறது. ராணுவத்தில் இருப்பவர்களும், வெளிநாட்டுத் தூதரகங்களில் பணியாற்றும் அரசு ஊழியர்களும் ‘பணி வாக்காளர்கள்’ எனப்படுகிறார்கள். அவர்களுக்கு வாக்குச்சீட்டு மின்னணு வழியில் போகிறது. அதைப் பதிவிறக்கி அச்செடுத்து, குறியிட்டு, உறுதிமொழியோடு உள்ளுறை வெளியுறை போட்டுத் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். எண்ணும் மேசையில் க்யூஆர் குறியை ஸ்கேன் செய்து, ஒருவர் இரண்டு முறை அனுப்பினாரா என்று சரிபார்க்கிறார்கள். இந்த முறை முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது நமக்குப் பக்கத்தில்தான்: 2016 நவம்பரில் புதுச்சேரியின் நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில். 2019 மக்களவைத் தேர்தலில் சுமார் 18 லட்சம் பணி வாக்காளர்களில் அறுபது சதவீதத்தினரின் சீட்டுகள் திரும்பி வந்து சேர்ந்தன. சீட்டு ஆளைத் தேடிப்போனால் நூற்றுக்கு அறுபது. ஆள் சீட்டைத் தேடி வந்தால் நூற்றுக்கு இரண்டரை. மக்களின் அக்கறை அறுபதுக்கும் இரண்டரைக்கும் இடையே அப்படித் தாவாது. தாவுவது நடைமுறைதான்.

வெளிநாட்டில் இருப்பவரைத் தேர்தலுக்குள் கொண்டுவரவே முடியாது என்று நம் அமைப்பு ஒருபோதும் நினைத்ததில்லை என்பதற்கு, தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நன்றாகவே தெரிந்த சாட்சி ஒன்று உண்டு. 1984 அக்டோபரில் நோய்வாய்ப்பட்ட எம்.ஜி.ஆர். நவம்பரில் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 24இல் தமிழகத்தில் தேர்தல். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே வேட்புமனுவில் கையெழுத்திட்டு ஆண்டிப்பட்டியில் போட்டியிட்டார். தொகுதிக்கு ஒரு நாள்கூட வராமல் ஜெயித்தார். மருத்துவமனையில் அவர் நடமாடும் காட்சிகள் வீடியோவாக இங்கே ஊர் ஊராகத் திரையிடப்பட்டன. அன்று வெளிநாட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது ஊர். இன்று ஊரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பது வெளிநாடு. 1985 பிப்ரவரி 4இல் திரும்பி வந்து அவர் முதலமைச்சராகப் பதவியேற்றார். வெளிநாட்டில் இருந்தபடியே போட்டியிட இன்றைக்கும் விதி இடம் தருகிறது. வேட்பாளர் வெளிநாட்டில் இருந்தால், அவர் எடுக்க வேண்டிய உறுதிமொழியை அந்நாட்டில் உள்ள இந்தியத் தூதரக அதிகாரி முன்பாக எடுத்துக்கொள்ளலாம். சட்டமன்ற உறுப்பினராக நிற்க விரும்புகிறவருக்குத் தூதரகத்தில் ஒரு மேசை இருக்கிறது. அவருக்கு ஓட்டுப் போட விரும்புகிறவருக்கு அந்தக் கட்டடத்திலேயே மேசை இல்லை. அதே 1984இல் அதே நியூயார்க்கில் இருந்த தமிழ் மாணவர்களும் மருத்துவர்களும் பத்திரிகைகள் வாரக்கணக்கில் தாமதமாக வந்து சேரக் காத்திருந்துதான் இந்த விந்தையைத் தெரிந்துகொண்டார்கள். அவர்கள் பேரன்மார் அதை நொடியில் தெரிந்துகொள்வார்கள். ஓட்டு விஷயத்தில் இரு தலைமுறைக்கும் நிலை ஒன்றுதான்.

தமிழ் மண்ணிலேயே இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கிறது. புதுச்சேரியை இந்தியாவுக்குக் கைமாற்றும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் முழுச் சட்ட வடிவம் பெற்றபோது, அங்கே பிறந்தவர்கள் விரும்பினால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அப்படி வைத்துக்கொண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ், சோற்றுக்குக் குழம்பு, சட்டைப்பையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட். 2022 ஏப்ரலில் பிரான்ஸ் அதிபர் தேர்தல் நடந்தபோது இவர்கள் பாரிஸுக்கு விமானம் ஏறவில்லை. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் சென்னையிலும் திறந்த வாக்குச்சாவடிகளுக்கு வேட்டியும் சேலையுமாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். அது மட்டுமல்ல, வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்றே 2012 முதல் பதினோரு நாடாளுமன்றத் தொகுதிகள் உள்ளன. இந்தியா அவற்றில் பதினோராவது தொகுதியில் வருகிறது. காரைக்கால் முதியவர் ஒருவர் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நாடாளுமன்றத்துக்குத் தன் தெருவிலிருந்தே உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறார். அவருடைய பக்கத்து வீட்டு இந்தியப் பிள்ளை வேலைக்கு சிங்கப்பூர் போனால், காரைக்கால் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிரான்ஸ் போன்ற பணக்கார நாட்டோடு நம்மை ஒப்பிடலாமா என்பவர்களுக்கு, லட்சக்கணக்கில் வேலையாட்களை வெளிநாடுகளுக்கு அனுப்பும் பிலிப்பைன்ஸ் 2003இலேயே இதற்கென்று சட்டம் இயற்றிவிட்டது என்பதைச் சொல்லலாம். இலங்கையோ நம்மைப் போலவே. கொழும்பு விமானம் ஏறினால்தான் அவர்களுக்கும் ஓட்டு.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, ஊரில் இல்லாதவர் ஊரின் தலைவிதியை ஏன் தீர்மானிக்க வேண்டும் என்ற கேள்வி. இது வலுவான கேள்வி, இதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் கேள்வியில் ‘ஊரில் இல்லாதவர்’ என்பது உடம்பைக் குறிக்கிறதா, உரிமையைக் குறிக்கிறதா? பொதட்டூர்பேட்டையின் சொந்த வரலாறே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1952 பொதுத்தேர்தலில் திருத்தணி வட்டாரம் சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு ஓட்டளித்தது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்து இந்த ஊர்களும் அந்தப் பக்கம் போயின. 1955இல் ஆந்திரச் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். ம.பொ.சிவஞானம் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும் படாஸ்கர் தீர்ப்பும் வந்து, எல்லை மாற்றச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. 1962இல் மறுபடி சென்னைச் சட்டமன்றத்துக்கு ஓட்டு. இந்தப் பத்தாண்டில் ஒரு நெசவாளி தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே மூன்று முறை வெவ்வேறு மாநில அரசின் வாக்காளர் ஆனார். மக்கள் சிறை போனது எந்த மண்ணில் நிற்கிறோம் என்பதற்காக அல்ல; மண் மாறவே இல்லையே. எந்த ஆட்சி தங்களை ஆளும், அந்த ஆட்சியைத் தேர்ந்தெடுப்பதில் தங்களுக்குப் பங்கு எங்கே என்பதற்காகத்தான். இன்றும் எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தில் உள்ள பக்கத்து நகரியில் 2024 ஓட்டுப்பதிவு மே 13இல் நடந்தது, இங்கே ஏப்ரல் 19. ஏப்ரல் 19 அன்று கல்யாணத்துக்கு நகரி போயிருந்த பொதட்டூர்பேட்டைக்காரர் ஆந்திரக்காரராகிவிடவில்லை. துபாய் அதைவிடத் தூரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் இருபது வருடம் வெளியே இருந்தவரையும் இரண்டு மாதம் போனவரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. கோடு போட்ட நாடுகள் உண்டு. பிரிட்டன் நெடுங்காலம் பதினைந்து ஆண்டு என்று வைத்திருந்தது, 2024இல்தான் அதை எடுத்தது. நியூசிலாந்தின் வழக்கமான விதி, குடிமகன் கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது நாட்டுக்கு வந்திருக்க வேண்டும் என்பது. நம் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அதிகாரி குத்தும் முத்திரைகளைப் பார்த்தாலே அந்த மூன்று ஆண்டுக் கணக்கு வந்துவிடும். ஆகவே நான் கேட்பது குறைவுதான்: திரும்பி வரப்போகிறவருக்கு முதலில் வழி செய்யுங்கள். அவர் ஓட்டுப் போட்டு வந்த ஆட்சியின் ரோட்டில்தான் அவர் அடுத்த வருடம் நடக்கப்போகிறார். நிரந்தரமாகக் குடியேறியவருக்குத் தரலாமா என்பது வேறு விவாதம்; அது முடியும்வரை இவரைக் காக்க வைப்பதில் நியாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு மோசடி பற்றியது. இதுதான் கனமானது. தொழிலாளர் முகாமில் பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்ளும் நாடுகள் உண்டு. அறைக்கு எட்டுப் பேர் படுக்கும் இடத்தில் ஓட்டுச்சீட்டில் யாருக்குக் குறியிடுகிறோம் என்ற ரகசியம் எப்படித் தங்கும்? உள்ளூர் வாக்குச்சாவடியில் ஒவ்வொரு கட்சியின் பூத் ஏஜென்ட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர் இன்னார் மகன்தானா என்று முகம் பார்த்துச் சொல்வார். ரியாத்தில் யார் சொல்வார்? இதைவிடக் கூர்மையான கவலை, சிறு வித்தியாசங்கள். 2021இல் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2016இல் ராதாபுரத்தில் 49. அந்த ராதாபுரம் வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே பிரச்சினையே தபால் ஓட்டுதான். உறுதிமொழியில் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றொப்பம் இட்டிருந்தார் என்பதற்காக 203 தபால் ஓட்டுகள் தள்ளப்பட்டன. தோற்ற அப்பாவு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் 2019 அக்டோபரில் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி, நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணப்பட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கு இழுத்துக்கொண்டே போக அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே தீர்ந்தது. தபால் ஓட்டு இப்படிச் சிக்கலில் மாட்டும் என்பதற்கு இது சான்று என்று மறுப்பவர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே வழக்கு இன்னொன்றையும் காட்டுகிறது: மூன்று வருடம் கழித்தும் அந்தச் சீட்டுகள் உறைக்குள் இருந்தன, நீதிபதி கேட்டபோது எடுத்து மேசையில் வைக்க முடிந்தது. காகிதம் சாட்சி சொல்கிறது.

இணையத்தில் ஓட்டுப் போடலாமே, ஆதார் ஓடிபி போதாதா என்று ஆர்வத்தோடு கேட்கும் இளைஞர்களிடம் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் வெளிநாட்டு வாக்காளர்களுக்கு 2012இல் இணைய ஓட்டு கொடுத்தது. ஊடுருவல் அச்சத்தால் 2017இல் நிறுத்தியது. 2022இல் மறுபடி தொடங்கியபோது அர்ஜென்டினாவில் பலருக்குக் குறுஞ்செய்திக் குறியீடு வந்து சேரவே இல்லை. லத்தீன் அமெரிக்கத் தொகுதியின் முடிவு ரத்தாகி மறுதேர்தல் நடத்த வேண்டி வந்தது. அங்கே எடுத்துக் காட்ட உறை ஏதும் இல்லை. நம் நிலையில் ஓட்டு காகிதத்திலேயே இருக்கட்டும். அனுப்பும் பாதி மின்னணு, திரும்பும் பாதி தபால். முகாம்களின் அச்சுறுத்தலுக்கு ஒரு எளிய தடுப்பு உண்டு: குறியிடுவது அறையில் அல்ல, தூதரகத்தின் மறைப்புக்குள் என்று வைத்தால் போதும். தொழிலாளியை முதலாளியின் பொறுப்பில் வைக்கும் புரவலர் முறை இறுக்கமாக உள்ள நாடுகளில் இந்த வழி மட்டும், மற்ற நாடுகளில் தபாலும் என்று பிரித்துக்கொள்ளலாம். ஏஜென்ட் இல்லாத குறை தீராது, உண்மைதான். ஆனால் எல்லையில் காவல் நிற்கும் ஜவானின் ஓட்டிலும் ஏஜென்ட் கிடையாது. அதை நாம் சந்தேகிப்பதில்லை.

மூன்றாவதாக, தூரத்தில் இருப்பவருக்கு உள்ளூர் விவகாரம் என்ன தெரியும் என்பது. ஓரளவு சரி. தலைவர்களின் மேடைப் பேச்சு ஜெத்தா வரை போய்ச் சேருகிறது, பள்ளிப்பட்டு சாலையின் குழி போய்ச் சேருவதில்லை. ஆனால் தறிக்கார வீட்டுப் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 ஆனது, கைத்தறிக்கு 200 யூனிட் 300 ஆனது. அப்பா ஓட்டும் தறியின் கரன்ட் பில்லைக் கைப்பேசியில் கட்டுவது பல வீடுகளில் வெளியூரில் இருக்கும் மகன்தான். யூனிட் எங்கே தாண்டியது, நூல் விலை ஏறியதா, கூலி கிடைத்ததா என்பதெல்லாம் தெருமுனையில் இருக்கும் அலுவலகத்து ஆளைவிட அவருக்கு நன்றாகவே தெரியும். வேட்பாளரின் சொத்து, கடன், வழக்கு விவரங்கள் அடங்கிய படிவம் 26 தேர்தல் ஆணையத் தளத்தில் கிடைக்கிறது. அதைத் திறந்து பார்ப்பவர் ஊரிலும் குறைவு, வெளியிலும் குறைவு. அறியாமை ஓட்டைப் பறிக்கக் காரணம் என்றால் உள்ளே இருப்பவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவது மறுப்பில் பெரும் உண்மை இருக்கிறது. வெளிநாட்டை விடுங்கள், திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறவர்களே ஊருக்கு வந்து ஓட்டுப் போட முடியாமல் தவிக்கிறார்கள், அவர்களைப் பாருங்கள் என்பது. பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம், ஒரே வாக்குச்சாவடியில் 72 தொகுதிகளின் ஓட்டுகளைப் போடக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரத்தை முன்வைத்தது. அடுத்த ஜனவரியில் கட்சிகள் எதிர்க்க, அது நின்றுபோயிற்று. உள்நாட்டில் வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்காவது சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் இருக்கிறது, தேர்தல் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். இரண்டு கோரிக்கையும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. ஊரில் இல்லாமை என்பது ஊரை விட்டுவிட்டதாகாது என்ற ஒரே கொள்கையின் இரண்டு கிளைகள் அவை. அந்தக் கொள்கை எவ்வளவு எளிதில் மறக்கப்படுகிறது என்பது 2025 நவம்பர் 4இல் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தெரிந்தது. டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லாமல் போயின. அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் பெயர்ந்தவர், முகவரியில் காணப்படாதவர் என்ற தலைப்பில். இறந்தவரையும் இரட்டைப் பதிவையும் நீக்குவது சரி. ஆனால் வீட்டில் பூட்டு தொங்குவதற்கும் வீட்டை விட்டுப் போய்விட்டதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கணக்கெடுப்பவரின் இரண்டு மூன்று வருகை எப்படிக் காட்டும்? வீட்டில் இருக்கும் ஒருவர் வெளியே இருப்பவருக்காகக் கையெழுத்திட்டுக் கொடுக்கலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். நல்ல விதி. மொத்தக் குடும்பமே வெளியே இருந்தால் அந்த விதியும் கைகொடுக்காது.

நாடாளுமன்றத்தில் இதற்கான முயற்சி ஒன்று பாதிவழியில் நின்றது. வெளிநாட்டு வாக்காளர் தனக்குப் பதிலாள் ஒருவரை நியமித்து ஓட்டுப் போட அனுமதிக்கும் மசோதாவை மக்களவை 2018 ஆகஸ்டில் நிறைவேற்றியது. மாநிலங்களவையில் நிறைவேறாமல் 2019இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அது போனதே நல்லது என்பேன். அண்ணன் ஓட்டைத் தம்பி போடும்போது அண்ணன் யாருக்குச் சொன்னான் என்பதற்கு யார் ஜாமீன்? 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதிய கடிதம் அதைவிடத் தெளிவானது. பணி வாக்காளர்களுக்கு உள்ள மின்னணுத் தபால் முறையை வெளிநாட்டு வாக்காளர்களுக்கும், 2021இல் தமிழகம் உள்ளிட்ட சட்டமன்றத் தேர்தல்களிலேயே தொடங்கலாம் என்றது. சட்டத் திருத்தம்கூட வேண்டாம், 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளைத் திருத்தினால் போதும். 80 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 2019இல் வீட்டிலிருந்தே ஓட்டு என்ற வசதி விதித் திருத்தத்தால்தான் வந்தது. அந்த வயதை 2024இல் 85 ஆக்கியதும் விதியில்தான். பிரசவம் பார்க்கப் போன அம்மாவையும் ஒப்பந்தத் தொழிலாளியையும் இப்படி வசதி பெறுவோர் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். பட்டியலில் சேர்வதற்கு நிபந்தனையாகப் பயணச்சீட்டும் விசாவும் இருக்கட்டும்.

மீதி இருப்பது நாட்கணக்கு. தபால் ஓட்டு எண்ணிக்கை நாளன்று காலை எட்டு மணிக்குள் வந்துசேர வேண்டும். இறுதி வேட்பாளர் பட்டியல் வந்த பிறகுதான் சீட்டை அனுப்பவே முடியும். 2024இல் வேட்புமனு வாபஸுக்குக் கடைசி நாள் மார்ச் 30, எண்ணிக்கை ஜூன் 4. இடையில் இரண்டு மாதம், நிதானமாக அனுப்பலாம். 2021இல் மார்ச் 22இலிருந்து மே 2 வரை, அதுவும் போதும். 2016இல் மே 2 வாபஸ், மே 19 எண்ணிக்கை: பதினேழே நாள். சீட்டு நொடியில் போய்விடும், திரும்பி வருவதுதான் சிக்கல். குவைத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூரியர் ஒரு வாரத்துக்குள் வந்துவிடும்; தூதரகத்தில் பெட்டி வைத்துத் தூதரகப் பையில் அனுப்பினால் இன்னும் உறுதி. ஆனால் ரியாத்திலிருந்து ஐநூறு கிலோமீட்டர் தள்ளிப் பாலைவனத்தில் வேலை செய்கிறவருக்கு ஒரு நாள் விடுப்பும் வண்டியும் யார் தருவார்கள் என்பதற்கு டெல்லியில் எவரிடமும் பதில் இல்லை. கம்பெனிகளின் வருடாந்தர ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாக எழுதலாம். தூதரக ஊழியர்கள் பாஸ்போர்ட் புதுப்பிக்க முகாமுக்கே போய் மேசை போடும் நாட்களில் ஓட்டுப்பெட்டியையும் கொண்டுபோகலாம். எதைச் செய்தாலும் அடுத்த தேர்தல் தேதி அறிவித்த பிறகு தொடங்கினால் நடக்காது. விதித் திருத்தம் அதற்கு முன்பே அரசிதழில் வந்திருக்க வேண்டும்.